உப்பு கொறவு

பாதிராப் பூசைக்குப் போகும் முன்பே
மேசைகளை வெளியே இழுத்துப் போட்டாயிற்று.
குருசடியிலிருந்து கடல்சுவர் வரை ஒரே வரிசை,
நடுவில் இடைவெளி விழக்கூடாது
என்பது எங்கள் தெருவின் கணக்கு.

எந்த மேசையும் எந்த மேசையின் உயரத்திலும் இல்லை.
பனியடிமை வீட்டுச் சாப்பாட்டு மேசை, கண்ணாடி போட்டது.
அடுத்து நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் கேரம் போர்டு.
அடுத்து மீன் ஐஸ்பெட்டி, மூடியைக் கவிழ்த்து.
துபாய் மருமகனின் மடக்கு மேசை,
விலைச்சீட்டு இன்னும் கிழிக்காதது.
பிறகு என் தையல் மெஷின்.
ஊசியைக் கழற்றி, தலையை உள்ளே மடக்கி,
மிதிப்பலகையைக் கயிற்றால் கட்டிவைத்தேன்.
போன வருசம் ஒரு பயல் மிதித்துக்கொண்டே தின்றான்,
பாயசம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

தெரு கடலைப் பார்த்துச் சரிவு.
கால்களுக்கு அடியில் கதம்பை, செங்கல், பழைய செருப்பு,
எதைக் கொடுத்தாலும்
மீன்குழம்பு கடலுக்குத் திரும்பத்தான் பார்க்கிறது.

ததேயுஸ் வீட்டு முன்னால் மட்டும்
ஏழடி வெறுந்தரை.
வள்ளத்துப் பங்குக் கணக்கு
இரணியல் கோர்ட்டுக்குப் போனதிலிருந்து
அந்த வீடு மேசை போடுவதில்லை.
போடச் சொல்லி யாரும் கதவைத் தட்டுவதுமில்லை.

பூசை விட்டு, வெடி ஓய்ந்து,
ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தோம்.
அவித்து உடைத்த மரச்சீனி, சாளைக்கறி,
தேங்காய்க்கொத்து போட்டுச் சுருட்டிய மாட்டிறைச்சி,
வட்டையப்பம், மட்டிப்பழம் பிசைந்த பாயசம்.
எந்த வீட்டு அகப்பை எந்த வீட்டுச் சட்டியில்
என்று கேட்க யாருக்கும் வாய் ஒழியவில்லை.
ஏழடி வந்ததும் யாராவது எழுந்து
சட்டியோடு நடந்து
அந்தப் பக்கத்துக் கைகளில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.
ததேயுஸ் வீட்டு அடுக்களையில் விளக்கு எரிந்தது.
பார்க்காதது போல எல்லாரும் பார்த்தோம்.

நண்டுக்கறி ஒன்று வந்தது.
நல்லமிளகு தூக்கல்.
காலை உடைத்து உறிஞ்சினேன்,
உறிஞ்சிய வாயோடு தெருவுக்கே கேட்கச் சொன்னேன்:
"கறி கொள்ளாம். உப்புதான் கொறவு."

விடிந்து, பாத்திரம் பிரிக்கும் நேரம்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் புள்ளிபுள்ளியாய் வெட்டிய பெயர்.
அவரவர் பெயரை அவரவர் தூக்கிப்போக,
கடைசியில் ஒரு தூக்குச்சட்டி மிஞ்சியது.
செ.த.
செபஸ்தியானா, செல்லத்தாயா என்று ஊகித்தார்கள்.
பிரான்சிலின் அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
மெல்லக் கீழே வைத்தாள்.
"செலஸ்தீனா."

போன வைகாசியில் அடக்கிய செலஸ்தீனா.
ததேயுஸின் செலஸ்தீனா.
யார் கொண்டுவைத்தது, எந்நேரம்,
ஒருவருக்கும் தெரியவில்லை.
அடக்கத்துக்குத் தெரு முழுக்கப் போயிருந்தோம்.
கஞ்சி மட்டும் கொண்டுபோகவில்லை.

ஏழடிக்கு ஓரத்து மேசை என்னுடையது என்பதால்
சட்டி என்னிடம் வந்தது.
வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா?
சீனி போட்டேன், கொட்டினேன்.
முந்திரிக்கொத்து வைத்தேன்,
ஒரு வாரத்தில் அது நமுத்துப்போக நானே தின்றேன்.
பிறகு பாபின்களும் பட்டன்களும்
சொல்லாமல் கொள்ளாமல் அதில் குடியேறின.

சாம்பல் புதனுக்கு மறுநாள்
ததேயுஸ் ஒரு காற்சட்டையோடு படியேறினார்.
நீளம் இரண்டு இஞ்சு குறைக்கணுமாம்.
டேப்பை இழுத்தேன்.
அவர் சட்டியைப் பார்த்தார்.
உள்ளே பட்டன்களைப் பார்த்தார்.
காற்றுக்குக் கதவு ஒருமுறை அடித்தது.

"உப்பு கொறவுன்னு சொன்னியாமே."

நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தேன்.
மூன்று தடவை தவறியது.
"ஆமா," என்றேன். "கொஞ்சம் கொறவுதான்."

"கறி நான் வைப்பேன்.
உப்பு அவதான் போடுவா."

கூலி எழுபது என்றேன்.
வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிடுங்க என்றேன்.
எதை என்று அவர் கேட்கவில்லை.